பிரெட் மெஷினில் வீட்டு பிரெட்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அபார்ட்மெண்டில் பிரெட் மெஷின் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. ஒருவர் வீட்டில் அது பரணில் இருக்கிறது. இன்னொருவர் வீட்டில் அதன்மேல் மிக்ஸி இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் வாரம் இரண்டு தடவை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசனை லிஃப்ட் வரை போகும்; அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. ஊரிலிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு. சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

பிரெட் மெஷின் என்றால் டோஸ்டர்தானே?

இல்லை. டோஸ்டர் வெந்த பிரெட்டை வாட்டும். இது மாவும் தண்ணீருமாகப் போட்டதைப் பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டு, முழு பிரெட்டாகத் தரும். உள்ளே வாளி மாதிரி ஒரு பாத்திரம், அதன் அடியில் சுழலும் ஒரு சின்ன பிளேடு, சுற்றிலும் சூடேறும் கம்பி. அவ்வளவுதான் சங்கதி. சாதாரண வெள்ளை பிரெட்டுக்கு மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். பிசையும், நிற்கும், மறுபடி பிசையும், பொங்கவிடும், பொங்கியதைத் தட்டி அடக்கும், மறுபடி பொங்கவிடும், கடைசி ஒரு மணி நேரம் சுடும். நடுவில் அது சும்மா நின்றால் கெட்டுப்போய்விட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். எங்கள் மாடியில் ஒருவர் பிடுங்கியிருக்கிறார்.

தெருவுக்குத் தெரு ஐயங்கார் பேக்கரி இருக்கிற ஊரில் இது எதற்கு, அக்கா?

நியாயமான கேள்வி. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார் குடும்பங்கள் இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பன்னும் காரா பிரெட்டும் இருக்கும்போது, வெறும் வெள்ளை பிரெட்டுக்காக மெஷின் வாங்க வேண்டியதில்லை. அந்த பேக்கரி அடுப்பின் ருசி இதில் வராது, நான் பொய் சொல்லப்போவதில்லை. உப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் நம் கணக்கில் இருக்க வேண்டும், கோதுமை பிரெட் என்றால் நிஜமாகவே கோதுமை மாவில் வேண்டும், காலையில் சுடச்சுட வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. பணம் மிச்சமாகும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். மிச்சமாகிற காசை வெண்ணெய் தின்றுவிடும்.

மெஷின் பிசைவது கையால் பிசைவதற்கு ஈடாகுமா?

ஏறக்குறைய ஆகும். அதன் பின்னால் ஒரு கதை உண்டு. இன்றைக்கு பானசோனிக் என்று நமக்குத் தெரிந்த நிறுவனத்துக்கு அப்போது மட்சுஷிதா என்று பெயர். 1985ல் ஒசாகாவில் அவர்கள் வீட்டு பிரெட் மெஷின் செய்ய முயன்றபோது, மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த இக்குகோ தனாக்கா என்ற பெண், அந்த ஊரிலேயே நல்ல பிரெட்டுக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய் வேலை கற்றுக்கொண்டார். அந்த பேக்கர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்குகிறார் என்பதைக் கண்டுபிடித்தார். அந்த முறுக்கல் கிடைப்பதற்காகத்தான் பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் வரப்பு மாதிரி மேடு வைத்தார்கள். உங்கள் மெஷினின் பாத்திரத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த மேடு தட்டுப்படும்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த மெஷினை இங்கே போடலாமா?

இந்த ஊரில் இது வாரா வாரம் வரும் கேள்வி. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேராகப் போடவே கூடாது. நம் வீட்டில் வருவது 230. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கம்பியின் சூடு நான்கு மடங்காகும்.

என் அத்தை மகன் சான் ஹோசேயிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தபோது மூன்று முள் அடாப்டர் ஒன்றைச் செருகி அப்படியே போட்டான். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. திரையில் எண் ஒருமுறை மின்னியது, 'டப்' என்று சத்தம், பின்பக்கம் ஒரு கீற்றுப் புகை. நான் மாவை அளந்துகொண்டு நின்றேன். "அண்ணி, மாவு போடலாமா?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் வீட்டில் கரண்ட் போய்விட்டது.

230ஐ 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் ஓடும். மெஷின் 600 வாட் என்றால் 1000 வாட் தாங்குகிறதாக வாங்குங்கள். அது செங்கல் கனம் கனக்கும், இடத்தை அடைக்கும். அந்தக் காசுக்கும் தொல்லைக்கும் இங்கேயே ஒன்று வாங்குவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மாவு? மைதா இல்லாமல் முடியாதா?

முடியும், ஆனால் முதல் நான்கு தடவை மைதாவிலேயே போடுங்கள். மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கும் குறிப்புகள் வெளிநாட்டு பிரெட் மாவுக்காக எழுதப்பட்டவை. அதில் புரதம் 12, 13 சதவீதம் இருக்கும். நம் மைதாவில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதனால் புத்தகத்தில் இருக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும்.

ஆட்டா வேறு ரகம். புரதம் அதில் குறைச்சலில்லை. ஆனால் கல்லில் அரைபடும்போது மாவின் ஸ்டார்ச் நொறுங்கி, நிறையத் தண்ணீர் குடிக்கும்; தவிடு வேறு பசைத்தன்மையின் இழைகளை அறுத்துவிடும். அதனால் ஆட்டா பிரெட் மைதா அளவுக்கு உயராது. மூன்று பங்கு ஆட்டா, ஒரு பங்கு மைதா என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட கணக்கு. மாவையும் தண்ணீரையும் மட்டும் முதலில் ஐந்து நிமிடம் பிசையவிட்டு நிறுத்தி, அரை மணி ஊறவைத்து, பிறகு மற்றதைச் சேர்த்து முதலிலிருந்து ஓடவிட்டால் தவிடு இளகும். முழுக்க ஆட்டாவிலேயே வேண்டுமென்றால் பேக்கரிச் சாமான் கடையில் கோதுமையின் பசைப் புரதமான குளூட்டன் பொடி கிடைக்கும், ஒன்றரை டேபிள்ஸ்பூன் சேருங்கள்.

அளவு சொல்லுங்கள், நாலு வரியில்.

மைதா 400 கிராம், தண்ணீர் 250 மில்லி, உப்பு 7 கிராம், சர்க்கரை 20 கிராம், வெண்ணெய் அல்லது எண்ணெய் 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். பால் பவுடர் இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன். மூன்று பங்கு ஆட்டா சேர்த்தால் தண்ணீர் 290 வரை போகும்.

கப் கணக்கு கேட்காதீர்கள். மைதாவைக் கரண்டியால் தூவி நிரப்பினால் ஒரு கப் 120 கிராம், டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150. மூன்று கப்பில் அந்த வித்தியாசம் 90 கிராம். பிரெட்டைக் கல்லாக்க அது போதும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

எதை முதலில் போடுவது?

தண்ணீர், உப்பு, சர்க்கரை, வெண்ணெய், அதன்மேல் மாவு. மாவின் நடுவில் விரலால் சின்னக் குழி செய்து அதில் ஈஸ்ட். ஈஸ்ட் ஈரத்தையோ உப்பையோ முன்கூட்டியே தொடக் கூடாது. சில மெஷின்களில் ஈஸ்ட் முதலில், தண்ணீர் கடைசியில் என்றிருக்கும். அதுவும் இதே காரணத்துக்காகத்தான். உங்கள் புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள். முக்கியமாக, பிளேடை மாட்டிவிட்டு மாவைப் போடுங்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒருமுறை மறந்திருப்பார்கள்.

ஓடும்போது மூடியைத் திறக்கலாமா? கெட்டுப்போகாதா?

பிசையும்போது தாராளமாகத் திறக்கலாம். திறந்தே ஆக வேண்டும் என்பேன். பொங்கும்போதும் சுடும்போதும்தான் திறக்கக் கூடாது.

மெஷினுக்கு உங்கள் மாவு தெரியாது. இன்றைக்கு மழையா வெயிலா என்று தெரியாது. ஜூலையில் ஈரக்காற்றில் இருந்த மாவும் மார்ச்சில் காய்ந்த மாவும் அதற்கு ஒன்றுதான். புத்தகத்தில் இருக்கிற அளவை வைத்து அது கண்ணை மூடிக்கொண்டு சுற்றும். அதனால் பத்தாவது நிமிடம் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

என்ன பார்ப்பது? முதல் மூன்று நிமிடம் கந்தரகோளமாகத்தான் இருக்கும், கை வைக்காதீர்கள். ஐந்தாவது நிமிடம் மாவு ஒன்றுகூட ஆரம்பிக்கும். பத்தாவது நிமிடம் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வந்து, ஒரே உருண்டையாக பிளேடோடு சேர்ந்து சுற்ற வேண்டும். மேல்பக்கம் பளபளப்பு, அடியில் மட்டும் லேசாக ஒட்டல். தொட்டால் சப்பாத்தி மாவைவிடத் தளர்வு, போளி மாவைவிட இறுக்கம். பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவி ஊறவைத்த மாவைத் தொட்டிருக்கிறீர்களா? அந்தப் பதம்.

உருண்டை இரண்டாகப் பிளந்து 'டக் டக்' என்று பாத்திரத்தில் முட்டினால் தண்ணீர் போதவில்லை. ஒரு டீஸ்பூன் விடுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், மறுபடி பாருங்கள். உருண்டையே சேராமல் சொதசொதவென்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் மாவு தூவுங்கள், ஓரத்தை ரப்பர் கரண்டியால் வழித்துவிடுங்கள். ஒரேயடியாக ஊற்றவோ கொட்டவோ வேண்டாம். "என் மெஷின் சரியில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பத்தாவது நிமிடம் பார்த்தீர்களா என்பதுதான்.

காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, ஆர்.ஓ.வா?

காவிரி நல்லது. குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். டேங்கரில் வரும் போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் மாவு இறுகும், பொங்குவதும் மெதுவாகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புச் சத்து அதிகம் இல்லாததால் மாவு பிசுபிசுக்கும். கோடையில் டேங்கரை நம்பி இருந்தபோது நான் பாதி ஆர்.ஓ., பாதி போர் என்று கலந்து ஊற்றினேன், சரியாக வந்தது.

பிரெட்டின் மண்டை நடுவில் குழிந்துபோகிறது, ஏன்?

பொங்க வேண்டியதற்கு மேல் பொங்கி, தாங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. ஈஸ்ட் அதிகம், தண்ணீர் அதிகம், உப்பை மறந்தது, அல்லது ஏப்ரல் வெயில். உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, ஈஸ்ட்டுக்குக் கடிவாளமும் அதுதான்.

இன்னொரு காரணம் ஊர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மாவுக்குள் இருக்கும் வாயுவை மேலிருந்து அமுக்க ஆளில்லாததால் அது சீக்கிரம் உப்பும். சென்னையில் அக்கா வீட்டில் 5 கிராம் ஈஸ்ட்டில் அழகாக வருகிற அதே பிரெட் இங்கே குழிந்தது. 4 கிராமாகக் குறைத்தேன், நின்றது. வெயில் காலத்தில் மூன்றரை. தண்ணீரையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றுவேன்.

கல் மாதிரி வந்தால்?

ஈஸ்ட் செத்திருக்கும், இல்லை தண்ணீர் குறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் அரை டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டாவிட்டால் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருந்தாலும் ஈஸ்ட் பிழைக்காது. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் போகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வரும்.

நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது?

பல மெஷின்கள் சில நிமிடம் வரை விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். எத்தனை நிமிடம் என்று புத்தகத்தில் பாருங்கள். அதைத் தாண்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதுதான் தொல்லை.

பிசையும்போது போனால் கவலையே இல்லை, வந்ததும் மறுபடி ஓடவிடுங்கள். பொங்கும்போது போனால் மூடியைத் திறக்காமல் விடுங்கள். மாவுக்குக் கரண்ட் தேவையில்லை, அது பாட்டுக்குப் பொங்கும். பாத்திரத்தின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும், கரண்ட் வந்திருந்தால் 'பேக்' மட்டும் என்ற பொத்தானை அழுத்தி 50 நிமிடம் சுடுங்கள். வரவில்லையா? மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துத் தட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டு இருபுறமும் சுடுங்கள். பன் மாதிரி இருக்கும், பிள்ளைகள் அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்கள். சுடும்போது போனால்தான் கஷ்டம். வந்தவுடன் 'பேக்' போட்டு மிச்ச நேரத்தை ஓட்டலாம். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இன்வெர்ட்டரில் போடலாமா என்றால், சுடும் நேரத்தில் இது 500, 600 வாட் இழுக்கும். ஃபேனும் லைட்டும் தாங்கத் திட்டமிட்ட சின்ன இன்வெர்ட்டரில் வேண்டாம்.

ராத்திரியே டைமர் வைத்தால் காலையில் சூடாகக் கிடைக்குமா?

கிடைக்கும். பால், தயிர், முட்டை போட்டு மட்டும் வைக்காதீர்கள், ராத்திரி முழுக்க வெளியே நிற்கும். பாலுக்குப் பதில் பால் பவுடர். இன்னொன்று, விடிகாலை மூன்று மணிக்கு அது பிசைய ஆரம்பிக்கும்போது வீடே எழுந்துவிடும். மாவு இறுக்கமாக இருந்தால் மெஷின் அதிரும், நகரும். எங்கள் வீட்டு கிரானைட் மேடையில் ஒரு நாள் அது ஒரு முழம் நகர்ந்து வந்து, முன்பக்கக் கால் இரண்டும் விளிம்பில் நின்றது. இப்போது அடியில் ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். கீழ் வீட்டுப் பாட்டி, "என்னம்மா, ராத்திரி மாவாட்டறியா?" என்று கேட்டதிலிருந்து டைமரை ஆறு மணிக்கு மேல் பிசைகிற மாதிரிதான் வைக்கிறேன்.

பேக்கரி காரா பிரெட் இதில் வருமா?

வரும். எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு பெரிய வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, அரை டீஸ்பூன் சீரகம். பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் உப்பு பட்டுத் தண்ணீர் விட்டு, நன்றாக இருந்த உருண்டை கண் முன்னாலேயே கரைந்துவிடும். கொஞ்சம் எண்ணெயில் ஈரம் போக வதக்கி, முழுதாக ஆறவைத்து, இரண்டாவது பிசைதலில் மெஷின் 'பீப்' கொடுக்கும்போது போடுங்கள். தண்ணீரை முன்கூட்டியே 15 மில்லி குறைத்துவிடுங்கள். சர்க்கரையைக் குறைக்காதீர்கள், அந்த லேசான இனிப்பும் மிளகாயும் சேர்ந்தால்தான் பேக்கரி ருசி.

ராகி, கம்பு போடலாமா?

400 கிராமில் 60 கிராம் வரை. அவற்றில் பசைத்தன்மை இல்லை, அதற்கு மேல் போனால் பிரெட் எழும்பாது. முழு ராகி வேண்டுமென்றால் களி கிண்டுங்கள்.

சப்பாத்தி மாவு பிசையுமா?

'டோ' என்ற பொத்தானில் பிசையும். மேல் வீட்டுக்காரர் இதற்கு மட்டும்தான் மெஷினைப் பயன்படுத்துகிறார். கெட்டி மாவை அடிக்கடி போட்டால் மோட்டார் திணறும், கொஞ்சம் தளர்வாகவே பிசையவிடுங்கள்.

முட்டை இல்லாமல் செய்யலாமா?

பிரெட்டுக்கு முட்டையே தேவையில்லை.

அடியில் ஓட்டை விழுகிறதே? பிளேடும் பிரெட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது.

கடைசியாகத் தட்டி அடக்கியதும், பொங்க ஆரம்பிக்கும் முன், கையில் எண்ணெய் தடவி மாவைத் தூக்கி பிளேடைக் கழற்றிவிட்டு மாவைத் திரும்ப வையுங்கள். சின்ன ஓட்டைதான் இருக்கும். மாட்டிக்கொண்டால் மரக் குச்சியால் எடுங்கள், கத்தி பட்டால் மேல்பூச்சு போய்விடும். தண்டிலேயே இறுகிவிட்டால் பாத்திரத்துக்குள் வெந்நீர் ஊற்றி அரை மணி வையுங்கள். பாத்திரத்தையே தண்ணீரில் முக்காதீர்கள், அடிப்பக்க அச்சுக்குள் தண்ணீர் போனால் ஆயுசு குறையும்.

எத்தனை நாள் இருக்கும்? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வெளியே இரண்டு நாள், மழைக்காலத்தில் ஒன்றரை. ஃப்ரிட்ஜில் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் பிரெட் இன்னும் சீக்கிரம் வறண்டு விறைத்துவிடும். ஸ்டார்ச் கெட்டியாவதற்கு அந்தக் குளிர்தான் தோது. ஆறியபின் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை எடுத்து வாட்டுங்கள். சுடச்சுட வெட்டாதீர்கள். கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும், இல்லாவிட்டால் உள்ளே களிம்பாக நசுங்கும். மீந்து காய்ந்தது உப்புமாவுக்கு, கட்லெட் தூளுக்கு.

கடை பிரெட்டைவிட உடம்புக்கு நல்லதுதானே?

மைதா வீட்டில் வெந்தாலும் மைதாதான். பொட்டாசியம் புரோமேட் என்ற சேர்மானத்தைப் பற்றிப் பயந்து கேட்பவர்களுக்கு: அதை 2016லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிரவுன் பிரெட் வாங்கும்போதுதான் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் பெயர் மைதா, கடைசியில் கேரமல் நிறம் என்றிருந்தால் அது சாயம் பூசிய வெள்ளை பிரெட். வீட்டில் செய்தால் என்ன போட்டோம் என்பது தெரியும், அந்த நிம்மதி மட்டும் உண்டு.

கரண்ட் பில்?

ஒரு பிரெட்டுக்கு அரை யூனிட் சுமார். கீசர் போடுகிற வீட்டில் இது கணக்கிலேயே வராது.

இதில் இட்லி மாவு அரைக்க முடியுமா?

என் மாமியார் தஞ்சாவூரிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பது. முடியாது அத்தை.